கடைசி வீட்டுல சொல்லிட்டுப் போகணும்

அந்தப் பையை இப்படிக் குடுங்கண்ணே, என் காலுக்கடியில வச்சுக்கிறேன். அட குடுங்க, எவ்வளவு நேரம் மடியிலயே வச்சிருப்பீங்க. மோட்டார் காயிலா? அதான் இந்தக் கனம் கனக்குது. எனக்கு இந்த ஃபைல் ஒண்ணுதான். இது மட்டும் மடியில இருக்கட்டும், கசங்கக் கூடாது.

நான் மேலக்குறிச்சி போறேன். நீங்க அதுக்கு அடுத்த ஸ்டாப்பா? நல்லதாப் போச்சு, வந்தா சொல்லுங்க. எனக்கு இந்தப் பக்கம் புதுசு. புதுக்கோட்டைப் பக்கம் நமக்கு. பேரு வைரவன். முக்கா மணி நேரம் ஆகும்னு கண்டக்டர் சொன்னாரு.

ஒரு கையெழுத்து வாங்கத்தான் போறேன். ஒரே ஒரு கையெழுத்து. அது கிடைச்சா வேலைக்குத் திரும்பப் போயிருவேன். கிடைக்கலன்னா, அம்பத்தி மூணு வயசுல இனிமே என்னை எவன் கூப்பிட்டு நாற்காலியில உக்கார வைப்பான்? பெரியண்ணன்னு ஒருத்தர், சின்ன வெங்காயம் போடுறவரு. அவரு மகன் அமுதன் டாக்டருக்குப் படிக்கப் போன இடத்துல ஆத்தோட போயிட்டான். போன டிசம்பர்ல. என் மேல ஒரு குறையும் இல்லன்னு அந்த மனுஷன் எழுதிக் குடுத்தாருன்னா என்கொயரி முடிஞ்சுரும். லெட்டரை நானே இங்கிலீஷ்ல டைப் அடிச்சுக் கொண்டாந்துட்டேன். அவருக்கு எதுக்குச் சிரமம்.

இல்லண்ணே, நான் டாக்டரும் இல்ல வாத்தியாரும் இல்ல. ஆபீஸ். இருபத்திரண்டு வருஷம் ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜ் ஆபீஸ்ல இருந்தேன். என் கையால போன ஒரு பேப்பர் குறை சொல்லித் திரும்பி வந்தது கிடையாது. அதை விசாரிச்சுட்டுத்தான், டாக்டர் படிப்புக்கு வெளிநாட்டுக்குப் புள்ளைங்களை அனுப்புற ஏஜென்சிக்காரங்க என்னைக் கூப்பிட்டாங்க. வெஸ்ட் இண்டீஸ்னு கிரிக்கெட்ல சொல்லுவோமே, அது ஒரே நாடு கிடையாது, ஏகப்பட்ட தீவு. அதுல ஒரு சின்னத் தீவுல மெடிக்கல் காலேஜ். நம்ம புள்ளைங்க நூத்தி முப்பது பேரு. அவங்க விசா, ஹாஸ்டல், போலீஸ் பதிவு, எல்லாப் பேப்பரும் நான்தான் பாக்கணும். ஐயா ஐயான்னு சுத்தி வருவாங்க. என்னைக் கேக்காம ஒரு இடத்துக்கு நகர மாட்டாங்க.

அதனாலதான் அந்த அமுதன் வந்து என்னைக் கேட்டான். இந்த ஒண்ணைக் கவனிங்க. திருட்டுத்தனமாப் போயிருந்தா என்னை யாரு கேக்கப் போறா? பரீட்சை முடிஞ்சது, ரெண்டு நாள் காட்டுக்குள்ள டென்ட் போட்டுத் தங்கணும், மூணு பேரு போறோம், பர்மிஷன் வாங்கிக் குடுங்க ஐயான்னு கேட்டான். ஒல்லியா, காது பெரிசா இருப்பான். மெஸ்ஸுல சாம்பாருக்கு வெங்காயம் உரிக்கிறப்ப தானா வந்து உக்காந்துக்குவான். எங்க வீட்டுல மூட்டை மூட்டையா உரிச்சிருக்கேன், எனக்குக் கண்ணு எரியாதும்பான். அவன் நெனப்பு வருதுண்ணே. வராம இருக்குமா? நானும் ரெண்டு பெத்தவன்.

அந்த ஊர்ல டென்ட் போடுறதுக்கு இருக்கிற சட்டம் இருக்கே, கேட்டா சிரிப்பீங்க. கடற்கரை பூரா பொதுச் சொத்து. யாரு வேணும்னாலும் குளிக்கலாம், உக்காரலாம், பாட்டுப் பாடலாம். டென்ட்டை அடிச்சுப் படுத்தா போலீஸ் வந்து எழுப்பிரும். மார்ச் மாசம் பொறந்தா ஆமை முட்டை போட வரும், அப்ப மணல்ல டார்ச்சு கூட அடிக்கக் கூடாது. சர்க்கார் காடுன்னா ஃபாரஸ்ட் ஆபீஸ் லெட்டர் வேணும். தனியார் நிலம்னா நிலத்துக்காரன் சரின்னு சொன்னாப் போதும். வெறும் வாய் வார்த்தை. ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. நாளைக்கு அவன் சொல்லவே இல்லன்னுட்டா? அந்த இடத்துலதான் எனக்கு அந்த ஊரு பிடிக்காது. நான் அமுதன்கிட்டச் சொன்னேன், தனியார் நிலமே வேண்டாம் தம்பி, சர்க்கார் காட்டுக்கு லெட்டர் வாங்கித் தர்றேன், கையில லெட்டர் இருந்தா ராஜா மாதிரி போய்ட்டு வரலாம்னேன்.

ஃபாரஸ்ட் ஆபீஸுக்கு நானே நேர்ல போனேன். பஸ்ஸுல ஒன்றரை மணி நேரம். கிளாரிஸ்னு ஒரு அம்மா, நல்ல ஆகிருதி, மேஜைக்கு அந்தப் பக்கம். நான் போனதும் லெட்டர் விஷயத்தைச் சொன்னேன். அந்தம்மா பேனாவைக் கீழ வச்சுட்டு என்னைப் பாத்து குட்மார்னிங் சொல்லுது. நான் மறுபடியும் லெட்டர்னேன். அது மறுபடியும் குட்மார்னிங்னுது. அங்க அப்படித்தாண்ணே. ரோட்டுல போறவனுக்கும் குட்மார்னிங், பஸ்ஸுல ஏறினா பஸ்ஸுக்கே குட்மார்னிங். அதைச் சொல்லாம ஒரு வேலை நடக்காது. சரி தாயேன்னு நானும் குட்மார்னிங் சொன்னேன். அப்பறம் பத்தே நிமிஷம். விண்ணப்பம் கிடையாது, போட்டோ கிடையாது, ஜெராக்ஸ் கிடையாது. அதுவே உக்காந்து நாலு வரி அடிச்சுக் கையெழுத்துப் போட்டு நீட்டிருச்சு.

எனக்கு மனசு ஒப்பல. சீல் எங்கன்னு கேட்டேன். எதுக்குங்குது. சீல் இல்லாத லெட்டர் ஒரு லெட்டராண்ணே? பீரோவுக்குள்ள தேடி எடுத்துச்சு, மை காஞ்சு கெடக்கு. நான் தண்ணி தெளிச்சு, தேச்சு, நானே குத்தினேன். அந்தம்மா சிரிக்குது. சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.

கிளம்பும்போது சீலுக்குக் கீழ பேனாவால ஒரு வரி எழுதிச்சு. வாயாலயும் சொல்லிச்சு. ஆத்தைக் கடக்குறதுக்கு முன்னாடி பாதையில கடைசி வீடு ஒண்ணு வரும், அங்க டெஸ்மண்ட்னு ஒருத்தர் இருப்பாரு, அவருகிட்டச் சொல்லிட்டு, அவரு காட்டுற இடத்துலதான் டென்ட் போடணும்னு. நான் கேட்டேன், அவரு ஃபாரஸ்ட்ல என்ன உத்தியோகம்? ஒண்ணுமில்லையாம். விவசாயியாம். கோகோ போடுறாராம். பின்ன அவருகிட்ட எதுக்குச் சொல்லணும்? அவருக்கு ஆறு தெரியும்னுது.

நீங்களே சொல்லுங்கண்ணே. ஆபீஸ்ல லெட்டரும் குடுத்துட்டு, வெளியில சம்பந்தமே இல்லாத ஒரு ஆளைப் போய்ப் பாருங்கன்னு சொன்னா நம்ம ஊர்ல அதுக்கு என்ன அர்த்தம்? ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல வேப்பமரத்தடியில குந்தியிருப்பானே, அவன்தானே? எத்தனை பாத்திருக்கேன் என் சர்வீஸ்ல. பாதையில கடைசி வீட்டுல உக்காந்துக்கிட்டு, போற வர்ற புள்ளைங்களை நிறுத்தி, இங்க போடாத அங்க போடு, என் இடத்துல போடுன்னு கை நீட்டுவான். இந்தம்மாவுக்கும் அதுல ஒரு பங்கு இருக்கும். சிரிப்பைப் பாத்தப்பவே தோணுச்சு எனக்கு.

அதோட இன்னொண்ணு. சீலுக்குக் கீழ பேனாவால கிறுக்குன லெட்டர் எங்கயும் செல்லாது. திருத்தல் இருக்குன்னு தூக்கி வீசிருவான். அதனால நான் என்ன பண்ணேன், அந்த ஒரு வரி மேல வெள்ளைப் பேப்பரை வச்சு மறைச்சு ஜெராக்ஸ் எடுத்தேன். சுத்தமா வந்துச்சு. நாலு வரி, கையெழுத்து, சீல். அதை லேமினேஷன் பண்ணி அமுதன்கிட்டக் குடுத்தேன். ஒரிஜினலை நான் வச்சுக்கிட்டேன். ஒரிஜினலை யாராவது காட்டுக்குள்ள குடுத்து அனுப்புவாங்களா?

குடுக்கும்போது தெளிவாச் சொன்னேன். தம்பி, வழியில ஒருத்தன் நிறுத்துவான். நிக்காதீங்க. பேச்சுக் குடுக்காதீங்க. ஏதாவது கேட்டா இந்த லெட்டரைத் தூக்கிக் காட்டிட்டு நடந்துக்கிட்டே இருங்கன்னேன். அவன், ஐயா, குட்மார்னிங்காவது சொல்லணுமேன்னான். வேண்டாம், அதுல ஆரம்பிச்சுத்தான் புடிச்சுக்குவானுங்கன்னேன். புள்ளைங்க ஏமாறக் கூடாதுன்னுதான் சொன்னேன். வேற எதுக்குச் சொல்லப் போறேன்?

இது எந்த ஊரு? புளியம்பட்டியா. இன்னும் தூரம் இருக்கா. சரி.

அவங்க போனது மத்தியானம் ரெண்டு மணி வாக்குல. வெயில் காயுது. ஆத்துல கணுக்கால் தண்ணி. ஆத்துக்கு இந்தப் பக்கம் மணல் நல்லா சமமா, பாய் விரிச்சாப்பல இருந்துச்சாம். அங்கயே டென்ட் போட்டுட்டாங்க. சாயந்தரம் நாலரை மணிக்கு, கூடப் போன ரெண்டு பேரும் வீட்டுக்குப் போன் பண்ண சிக்னல் தேடி மேட்டுல ஏறியிருக்காங்க. அமுதன் டென்ட்டுக்குள்ள படுத்திருக்கான். பரீட்சைக்கு ராப்பகலா முழிச்சவன், தூங்கிட்டான். அங்க ஒரு பொட்டு மழை இல்லண்ணே. மேல மலையில பெஞ்சிருக்கு. மலையில பெஞ்சா இருபது நிமிஷத்துல கீழ ஆள் உயரத்துக்கு வருமாம், சத்தம் கேக்குறப்பவே தண்ணி வந்துருமாம். மேட்டுல நின்ன ரெண்டு பேரும் கத்தியிருக்காங்க. டென்ட்டு ஜிப்பு போட்டிருந்துச்சு. அவ்வளவுதான்.

மூணாம் நாள் கிடைச்சான். கண்டுபிடிச்சது அந்த டெஸ்மண்டுதான். போலீஸ் போட்டு வச்சிருந்த ஆளுங்க ரெண்டாம் நாளே போயிட்டாங்க. இந்த ஆளு கையில வெட்டரிவாளை வச்சுக்கிட்டுப் பாறை பாறையா, புதர் புதரா இறங்கிப் பாத்திருக்காரு. தன் வீட்டுக் கட்டில் விரிப்பைக் கொண்டாந்து மூடி வச்சிருந்தாரு. மஞ்சப் பூப் போட்ட விரிப்பு. நான் போய் அடையாளம் காட்டினேன். அதை விடுங்க, அதை நான் சொல்லல.

நான் அன்னைக்கே ஏஜென்சிக்கு ரிப்போர்ட் அனுப்பிட்டேன். முறையா அனுமதி வாங்கி, சீல் வச்ச லெட்டரோடதான் மாணவர்கள் போனார்கள், இது இயற்கைச் சீற்றம்னு. லெட்டர் ஜெராக்ஸும் வச்சேன். லெட்டர்ல ஒரு குறையும் இல்ல. யாரும் ஒண்ணும் சொல்லல. அப்பறம்தான் ஃபாரஸ்ட் ஆபீஸ்ல இருந்து அவங்க காப்பியை அனுப்பிச்சாங்க. அந்தம்மா தன் காப்பியிலயும் அதே வரியை எழுதி வச்சிருந்திருக்கு. ஏஜென்சிக்காரன் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, வைரவன் சார், உங்க காப்பியில கடைசி வரி எங்க போச்சுங்குறான். இருபத்தஞ்சு வயசுப் பய. என்கொயரி முடியுற வரைக்கும் ஊருக்குப் போங்கன்னுட்டான்.

அதுக்கு முன்னாடி பெரியண்ணன் வந்தாரு. வருவாருன்னு நான் நெனைக்கல. சிங்கப்பூர்ல ரெண்டு வருஷம் கட்டட வேலை பாத்தவரு, பாஸ்போர்ட் இருந்துச்சு. பெட்டியில போட்டு அனுப்புறோம்னு சொன்னதுக்கு, இல்ல, என் புள்ள எங்க படுத்திருந்தான்னு நான் பாக்கணும்னு கிளம்பி வந்துட்டாரு. இங்கிலீஷ் தெரியாது. சைட்டுல பேசுற நாலு வார்த்தை தெரியும், அவ்வளவுதான். நான்தான் ஏர்போர்ட்ல இருந்து கூட்டிட்டு வந்தேன், நான்தான் கூடவே இருந்தேன், நான்தான் எல்லாத்துக்கும் வாயி. ஆஸ்பத்திரியில, போலீஸ்ல, எல்லா எடத்துலயும். என் கையைப் புடிச்சுக்கிட்டுச் சொன்னாரு, நீங்க இல்லன்னா நான் இந்த ஊர்ல ஊமைங்கன்னு.

டெஸ்மண்டு வீட்டைத் தாண்டித்தான் அந்த எடத்துக்குப் போகணும். நான் வண்டியை நிறுத்தாமப் போயிரலாம்னு பாத்தேன். அந்த ஆளு பாதையிலயே நின்னுக்கிட்டு இருந்தாரு. அறுபது வயசிருக்கும், ரப்பர் பூட்ஸு, தொப்பியைக் கழட்டிக் கையில வச்சிருந்தாரு. குட்மார்னிங்னாரு. பெரியண்ணன் இறங்கிட்டாரு. இறங்கி அவரும் குட்மார்னிங்னாரு. யாரும் சொல்லிக் குடுக்கல.

ரெண்டு பேருக்கும் பேச ஒரு பாஷை இல்ல. ஆனா வீட்டோரமா சேம்பு போட்டிருந்துச்சு, பெரியண்ணன் குனிஞ்சு இலையைத் தொட்டுப் பாத்தாரு. அந்த ஆளு ஒரு கிழங்கைப் பறிச்சு மண்ணைத் தட்டிக் குடுத்தாரு. ரெண்டு பேரும் குந்தி உக்காந்துட்டாங்க. நான் ஒருத்தன் நிக்கிறேன். கொஞ்ச நேரம் கழிச்சு அந்த ஆளு பேச ஆரம்பிச்சாரு. பெரியண்ணன் சட்டைப் பையில இருந்து செல்லை எடுத்து, ரெக்கார்டு போட்டு நீட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. பேசட்டும்ங்க, நீங்க அப்பறம் சொல்லுங்க, வீட்டுல பொண்ணும் அவ அம்மாவும் அவரு குரலைக் கேக்கணும், என் புள்ளையைக் கடைசியாப் பாத்தவருன்னாரு.

என்ன சொன்னாரா? நல்ல பையன், போகும்போது வணக்கம் சொல்லிட்டுப் போனான்னு சொல்றாருங்கன்னேன். தண்ணி வந்தா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொல்றாருங்கன்னேன். பெரியண்ணன் அழுதாரு. அதுவரைக்கும் அழாத மனுஷன் அண்ணே, ஆஸ்பத்திரியில கூட அழல. அந்த ஆளோட ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு அழுதாரு. அதுக்கப்பறம் எழுந்திரிச்சுக் கும்பிட்டாரு. மனசு ஆறிப் போச்சுங்குறேன். இதைவிட நான் என்ன பண்ணியிருக்கணும்?

நான் பொய் சொன்னேன்னு சொல்லாதீங்க. மொழிபெயர்க்கிறவனுக்கு ஒரு பொறுப்பு இருக்கு. எதைச் சொல்லணும், எதை விடணும்னு. அந்த ஆளு நடுவுல கையை நீட்டி மேட்டைக் காட்டினாரு. பெரியண்ணன் என்னங்க காட்டுறாருன்னாரு. கோகோ காய வைக்கிற கொட்டகைங்கன்னேன். அது கொட்டகைதான். அதுல என்ன பொய் இருக்கு? அம்பதடி மேல, தகரக் கூரை போட்டு, தரையெல்லாம் பலகை அடிச்சிருந்துச்சு. நல்ல கொட்டகை.

கிளம்பும்போது அந்த ஆளு என்னைத் தனியாக் கூப்பிட்டு, அவருக்கு எல்லாம் புரிஞ்சுதான்னு கேட்டாரு. புரிஞ்சுதுன்னேன். அப்படியும் எனக்கு ஏன் நன்றி சொல்றாருன்னாரு. எங்க ஊர் வழக்கம்னுட்டேன்.

இப்ப எதுக்கு இதெல்லாம் சொல்றேன்னா, நான் போன வாரம் பெரியண்ணனுக்குப் போன் போட்டேன், கையெழுத்து விஷயமா. எடுத்தது அவரு பொண்ணு. மணிமொழி. காலேஜ்ல ரெண்டாம் வருஷம். நல்ல மரியாதையான பொண்ணு, ஐயான்னுதான் பேசுச்சு. ஐயா, அந்தத் தாத்தா பேசுனதை நான் திருப்பித் திருப்பிக் கேட்டேன் ஐயாங்குது. பதினோரு தடவை கேட்டேன்ங்குது. முதல்ல ஒண்ணும் புரியலயாம், மெதுவா ஓட விட்டுக் கேட்டிருக்கு. அப்பாகிட்ட நான் இன்னும் ஒண்ணும் சொல்லல, நீங்க நேர்ல வாங்க, வந்து நீங்களே சொல்லுங்கன்னுச்சு.

நானும் வர்றேம்மான்னுட்டேன். அந்த ஊரு இங்கிலீஷ் எனக்கே ஒரு வருஷம் ஆச்சு புரிய. பாதி வார்த்தையை முழுங்கிருவானுங்க. இந்தப் பொண்ணு துறையூர்ல படிச்சுட்டு அதுக்கு என்ன புரிஞ்சிருக்கப் போகுது? ஏதோ ஒண்ணு ரெண்டு வார்த்தை காதுல விழுந்திருக்கும். நான் போய்ப் பக்குவமாச் சொன்னா சரியாப் போயிரும். சொல்லிட்டு, கையோட கையெழுத்தையும் வாங்கிட்டு, சாயந்தர பஸ்ஸுக்குத் திரும்பிரலாம்.

ஏண்ணே அப்படிப் பாக்குறீங்க?

நெசமா என்ன சொன்னாருன்னா... அதை எதுக்கு இப்ப. நீங்க யாரு, நான் யாரு. அடுத்த ஸ்டாப்புல இறங்கிப் போயிருவீங்க.

இல்ல, சொல்றதுல ஒண்ணுமில்ல. தமிழ்ல இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல, அதான். சொல்ல வாய் வரணுமில்ல. அவரு சொன்னாரு: மூணு பேரு வந்தாங்க. நான் குட் ஆஃப்டர்நூன் சொன்னேன். பதில் இல்ல. எழுந்திரிச்சுப் பாதைக்கு வந்து மறுபடியும் சொன்னேன். ஒருத்தன் ஏதோ ஒரு காகிதத்தைத் தலைக்கு மேல தூக்கிக் காட்டிட்டு நடந்தான். மூணாவது தடவை சொன்னப்ப, கடைசியாப் போன பையன், காது பெரிசா இருக்குமே, அவன் நின்னான். திரும்பி என்னைப் பாத்தான். வாயைத் திறந்தான். முன்னால போனவன் கூப்பிட்டான், போயிட்டான். நின்னிருந்தா என் கொட்டகையில படுக்க வச்சிருப்பேன். வர்றவங்களை எல்லாம் அங்கதான் படுக்க வைக்கிறேன், என் அப்பன் காலத்துல இருந்து. மலை கறுத்திருந்ததை நான் பாத்தேன். பின்னாலயே ஓடியிருக்கணும், சோறு அடுப்புல இருந்துச்சு, இளவட்டம், கோவிச்சுக்குவாங்கன்னு விட்டுட்டேன். என்கிட்டப் பேசக் கூடாதுன்னு அந்தப் புள்ளைங்களுக்கு யாரு சொன்னது? அதை மட்டும் எனக்குச் சொல்லுங்க, யாரு சொன்னதுன்னு கேட்டாரு.

கேட்டுட்டு என்னைத்தான் பாத்தாரு. நான்தானே பதில் சொல்லணும், நான்தானே நடுவுல நிக்கிறேன். தெரியலன்னேன்.

என் இடத்துல இருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க? புள்ளையைத் தூக்கிக் குடுத்த மனுஷன்கிட்ட, ஒரு குட்மார்னிங் சொல்லியிருந்தா உங்க புள்ளை இருந்திருப்பான்னு சொல்ல முடியுமா? வாய் கூசாது? நான் தாங்க மாட்டேன்னு இல்லண்ணே, அவரு தாங்க மாட்டாரு. அவரு தாங்க மாட்டாருன்னுதான் சொல்லல. நீங்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க. அப்படின்னா என்னைத் தப்பா நெனைக்கிறீங்கன்னுதானே அர்த்தம். நான் விதிப்படிதான் செஞ்சேன். அந்தத் தீவுல என்னை மாதிரி விதி பாத்துச் செஞ்சவன் ஒருத்தன் கிடையாது.

என்ன, வந்துருச்சா? இதுதான் மேலக்குறிச்சியா? அந்த நிழற்குடை தெரியுதே, அதுவா?

அண்ணே, அவருதான். பெரியண்ணன். வீட்டுலயே இருக்கச் சொல்லும்மா நான் வந்துர்றேன்னு பொண்ணுகிட்டச் சொன்னேன், ஸ்டாப்புக்கே வந்து நிக்கிறாரு பாருங்க. மெலிஞ்சுட்டாரு. பஸ்ஸைப் பாத்துட்டாரு. என்னைப் பாத்துட்டாரு. கும்பிடுறாரு அண்ணே. பஸ்ஸு நிக்கிறதுக்கு முன்னாடியே கும்பிடுறாரு.

பக்கத்துல அதுதான் அந்தப் பொண்ணா இருக்கணும். கையில செல்லு இருக்கு. அது கும்பிடல. சும்மா பாத்துக்கிட்டு நிக்குது. அமுதன் ஜாடை அப்படியே இருக்கு, அந்தக் காது.

இறங்குறேன் கண்டக்டர், ஒரு நிமிஷம். உங்க பை இந்தாங்கண்ணே, பாத்து, கனம். அண்ணே, ஒரு உதவி. இந்த ஃபைல்ல டைப் அடிச்ச லெட்டருக்குக் கீழ பழசா ஒரு பேப்பர் இருக்கு பாருங்க. ஃபாரஸ்ட் ஆபீஸ் லெட்டர். அதான், அந்த ஒரிஜினல். அந்தம்மா பேனாவால எழுதினது அடியில இருக்கு. அதை மட்டும் எடுத்து நீங்க வச்சுக்கங்க. எப்பவும் ஃபைல்லயே வச்சுப் பழகிட்டேன், எடுத்து வைக்க மறந்துட்டேன். அந்தப் பொண்ணு ஃபைலைக் குடுங்கன்னு கேட்டா நான் குடுத்துத்தானே ஆகணும். கிழிக்க எனக்குக் கை வரல, என் சர்வீஸ்ல ஒரு ஒரிஜினலை நான் கிழிச்சதில்ல. நீங்களும் கிழிக்க வேண்டாம். உங்க வீட்டுல எங்கயாவது கிடக்கட்டும்.

பிடிங்கண்ணே, விசில் அடிச்சுட்டான். ஏன் கையை இழுத்துக்கிறீங்க? வெறும் பேப்பர்தானே.